காளாஞ்சிக்காரருக்கு முதல் கும்பிடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர், எந்த வம்சம் என்று கேட்காதீர்கள். ஊர்ப்பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரன் சண்டைக்கு வருவான். ராஜாவின் பேர் சிங்கமுத்துப் பூபதி. நல்லவர் என்று சொல்வார்கள். ஒரு ராஜாவை ஊரார் நல்லவர் என்று சொன்னால் அதில் பாதி பயம். மீதியை வேண்டுமானால் நம்பிக்கொள்ளுங்கள்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மருதப்பன், ஐந்து வயது. சின்னராஜா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அடுத்தவள் பொன்னாத்தாள், நாலு நிரம்பவில்லை. அண்ணன் எதைச் சொன்னாலும் பின்னாலேயே நின்று அதைத் திருப்பிச் சொல்வது அவள் வேலை.

அந்தச் சபையில் பூமாலை என்று ஒரு விகடன் இருந்தான். ராஜாவின் முகம் வாடினால் அவரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். பிரதானி நாகலிங்கத்துக்கு அவனைக் கண்டாலே ஆகாது. பிரதானி நாளெல்லாம் ஓலையும் கையுமாகப் பேசி வாங்காத பரிசை, பூமாலை ஒரு வாய்ப் பேச்சில் வாங்கிப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது.

அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் ராணியின் தகப்பனார் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தார். அவரும் ராஜாதான், பக்கத்து நாட்டுக்கு. மூன்று நாள் பல்லக்கில் மடங்கிக் கிடந்து வந்ததால் இறங்கும்போது முதுகு நிமிரவில்லை. வெள்ளைத் தாடி நெஞ்சில் புரள, குனிந்தபடியே நடந்துவந்து, ஊஞ்சலில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினார்.

சின்னராஜா எழுந்திருக்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டே சொன்னான்: "டேய் கூனா, தரையில எதைடா தொலைச்ச?"

"எதைடா தொலைச்ச?" என்றாள் பொன்னாத்தாள்.

மாமனாரின் கை அப்படியே நின்றது. தவில் அடித்தவன் நிறுத்தினான். ராணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராஜாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மாமனார் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. பல்லக்கைத் திருப்பச் சொன்னார். ஏறுமுன் மருமகனிடம், "வருகிற பௌர்ணமிக்குத் திரும்பி வருவேன். அன்றும் பிள்ளைகள் இப்படியே இருந்தால் இரண்டு பேரையும் என் அரண்மனைக்குக் கொண்டுபோய் நானே வளர்ப்பேன். பெரியவர்களுக்கு மரியாதை தெரியாத வீட்டில் என் பேரப்பிள்ளைகள் வளரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சபை கூடியது. பிரதானி முன்னால் வந்தார்.

"மகாராஜா, இது பிள்ளைகள் சொந்தமாகப் பேசிய பேச்சு அல்ல. இந்த விகடனின் பேச்சு. இவன்தான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்."

"நான் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை மகாராஜா" என்றான் பூமாலை. "பிள்ளைகளின் காதில் ஊர்ப்பேச்செல்லாம் விழுகிறது. எங்கே பிடித்தார்களோ, யார் கண்டது."

சொன்னது பொய். ஏனென்றால், பொறாமைக்காரன் வாயிலிருந்து அன்றைக்குப் பார்த்து உண்மை வந்துவிட்டது.

ராஜா வெற்றிலை போட்டுத் துப்புவதற்கு ஒரு வெள்ளிப் பாத்திரம் உண்டு. அதற்குக் காளாஞ்சி என்று பேர். அதை ஏந்திக்கொண்டு நிற்பதற்கென்றே சபையில் ஒரு கிழவன் இருந்தான். முதுகு வில்லாக வளைந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மந்தமான மத்தியானம், ராஜா கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, பூமாலைக்கு எந்த விகடமும் தோன்றவில்லை. அப்போது கிழவன் குனிந்தபடி குறுக்கே போனான். "டேய் கூனா, தரையில எதைடா தொலைச்ச?" என்று கேட்டான் பூமாலை. ராஜா வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். ஒரு மோதிரம் கிடைத்தது. அதன் பிறகு என்றைக்கு விகடம் வராவிட்டாலும் அதே கேள்விதான். பிள்ளைகள் அப்பா மடியில் உட்கார்ந்து அதைக் கேட்டு வளர்ந்தார்கள். குனிந்து வருகிற வெள்ளைத் தாடிக்காரனை இப்படித்தான் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அதில் அவர்கள் தப்பு என்ன இருக்கிறது?

ராஜாவும் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தவர்தான். ஆனால் தாம் சிரித்தது ராஜாக்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை.

"யார் பேச்சாக இருந்தால் என்ன" என்றார் ராஜா. "பூமாலை, பௌர்ணமிக்குள் நீ இவர்களுக்கு மரியாதை கற்றுக்கொடுக்க வேண்டும். அடிக்கக் கூடாது, அதட்டக் கூடாது."

பிரதானிக்கு இது பாயசம் குடித்த மாதிரி இருந்தது. உடனே ஓலையை எடுத்து அவரே எழுதினார். 'பிள்ளைகள் தம்மைவிட மூத்தவர் எவரைக் கண்டாலும் விழுந்து கும்பிட வேண்டும். பலர் இருந்தால் மூத்தவரில் மூத்தவருக்கு முதலில். எவர் ஒருவர் விடுபட்டாலும் பூமாலைக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதை மேல் ஏற்றி நாடு கடத்துவது.' ஐந்து வயதுக்கும் நாலு வயதுக்கும் உலகத்தில் யார்தான் மூத்தவரில்லை? ஒருவராவது விடுபட்டே தீரும் என்பது பிரதானியின் கணக்கு. ராஜா படித்துக்கூடப் பார்க்காமல் முத்திரை வைத்தார்.

பூமாலை ஓலையை வாங்கிப் படித்தான். நாலு தரம் படித்தான். பிறகு இடுப்பில் செருகிக்கொண்டு பிள்ளைகளிடம் போனான்.

"ஒரு விளையாட்டு வச்சிருக்கேன்" என்றான். "இந்த அரண்மனையில யாரு ரொம்பப் பெரியவங்கன்னு கண்டுபிடிக்கணும். ஆளைப் பார்த்தா முதல்ல கும்பிடணும். அப்புறம் உங்க பேரென்ன, உங்க வயசென்னன்னு கேட்கணும். டேய், ஏய்னு ஒரு சொல்லு வந்தாலும் அந்த ஆளு கணக்குல சேராது. அன்னைக்கு யாரு அதிக வயசுக்காரரைப் பிடிச்சாங்களோ அவங்களுக்கு நான் யானை. முதுகுல ஏத்தி மூணு சுத்து."

"தம்பிடிக்குப் பிரயோசனமில்லாத வேலை" என்று பிரதானி தன் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தார். நாலாம் நாள் அவர் சிரிப்பு நின்றது.

பிள்ளைகள் விடியற்காலையில் கிளம்பினால் இருட்டும்வரை கும்பிடுதான். தண்ணீர் சுமக்கிறவளின் காலில் விழுவார்கள். அவள் குடத்தோடு பின்னால் நகர்வாள். இவர்கள் விடாமல் நகர்ந்துபோய் விழுவார்கள். "உங்க பேரென்ன? உங்க வயசென்ன?" குளத்து ஆமைக்கு நூறு வயது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தினமும் அது தலையை நீட்டுகிறவரைக்கும் கரையில் கிடந்தார்கள். கோழி கொக்கரித்தால்கூடப் பொன்னாத்தாள் "சொல்லுங்க" என்று நின்று கேட்டாள்.

அந்தப்புரத்தில்தான் பெரிய கலகம். ராணியின் சின்னம்மா ஒருத்தி தனக்கு இருபத்தெட்டு என்றாள். அவளோடு ஒரே நாளில் பிறந்து அவளோடு சீதனமாக வந்த தாதி, சூதுவாது தெரியாமல், நாற்பத்தாறு என்றாள். பிள்ளைகள் தாதிக்கு முதலில் விழுந்தார்கள். சின்னம்மா இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை.

பிரதானி தனக்கு நாற்பது என்று சொல்லியிருந்தார். மீசைக்கு மை தடவுகிற ஆள், வேறென்ன சொல்வார். அதனால் குதிரை லாயத்துக்காரன், சமையல்காரன், துணி வெளுக்கிறவன் எல்லோரும் கும்பிடு வாங்கிய பிறகுதான் அவர் முறை வந்தது. மறுநாள் காலை வந்து, "எனக்கு அறுபது" என்றார்.

சின்னராஜா அவரை மேலும் கீழும் பார்த்தான். "நேத்து நாற்பதுன்னு சொன்னீங்களே. உடம்பு சரியில்லையா?"

"சரியில்லையா?" என்றாள் பொன்னாத்தாள், நிஜமான கவலையோடு.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பூமாலைக்கு மட்டும் ஒரு முள். காளாஞ்சிக் கிழவன் நிற்கிற பக்கம் அவன் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே இல்லை. சபா மண்டபத்துக்குள் நுழைந்தால் வலது பக்கத் தூண்களோடு திரும்பிவிடுவான். கிழவன் இடது பக்கம்.

"அங்க ஒரு தாத்தா இருக்காரே" என்று சின்னராஜா ஒரு நாள் கேட்டான்.

"அப்புறம் பார்த்துக்கலாம்."

"ஏன்?"

"அவருக்கு வேலை இருக்கு."

பிள்ளைகள் கிழவனைக் கும்பிடும்போது தான் பக்கத்தில் நிற்க வேண்டும், கிழவன் தன்னைப் பார்ப்பான். அதற்குத்தான் பயம். கிழவன் இதுவரை ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. சபை சிரித்து முடிக்கிறவரை காளாஞ்சியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், பிறகு போவான். ஒருநாள் திட்டியிருந்தால்கூடப் பூமாலைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். போகட்டும், பௌர்ணமி கழியட்டும், பிறகு ஒருநாள் தனியாகப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான். பெரிய வாய்க்காரனுக்கு அந்த ஒரு பேச்சு மட்டும் வாயில் வரவில்லை.

பௌர்ணமி வந்தது. மாமனார் காலையிலேயே வந்துவிட்டார். மண்டபம் நிறைய ஆட்கள். வாசலில் ஒரு கழுதையைக் குளிப்பாட்டிக் கட்டி வைத்திருந்தார் பிரதானி. கரியும் செம்மண்ணும் இரண்டு கொட்டாங்கச்சியில் குழைத்துத் தயாராக இருந்தன.

மாமனார் நடு மண்டபத்தில் நின்றார். இந்தத் தடவை கையை நீட்டவில்லை. பட்ட இடம் அல்லவா.

பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். மாமனாரைப் பார்த்தார்கள். சின்னராஜா தங்கையிடம் ஏதோ காதில் சொன்னான். பிறகு இரண்டு பேரும் மாமனாரைத் தாண்டி, தகப்பனைத் தாண்டி, சிம்மாசனத்துக்கு இடது பக்கம் ஓடி, தூணோரம் காளாஞ்சியோடு நின்ற கிழவனின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள்.

கிழவன் வெலவெலத்துப் போனான். கையில் இருந்தது நழுவியது. காளாஞ்சி உருண்டுபோய், உள்ளே இருந்ததெல்லாம் பிரதானியின் புதுப் பட்டில் தெறித்தது. கிழவன் மண்டியிட்டுத் தன் மேல்துண்டால் தரையைத் துடைக்க ஆரம்பித்தான். "தெரியாம விழுந்துட்டாங்க சாமி, நான் சொல்லல சாமி, நான் ஒண்ணுமே சொல்லல" என்று தரையைப் பார்த்தே சொன்னான்.

"மகாராஜா" என்று பிரதானி நடுங்கினார், பட்டைப் பார்த்தா, சந்தோஷத்திலா தெரியாது. "மாமன்னர் நிற்கும்போது எச்சில் பாத்திரம் ஏந்துகிறவனுக்கு முதல் வணக்கமா? இதைவிட அவமரியாதை உண்டா? கழுதையைக் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

ராஜாவின் கண் சிவந்திருந்தது. பிள்ளைகள் போய்விடுவார்களே என்ற பயம் வேறு. "பூமாலை, இதுதான் நீ கற்றுக்கொடுத்த மரியாதையா?"

பூமாலைக்கும் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் வாய்தானே அவன் சோறு. இடுப்பில் இருந்த ஓலையை எடுத்தான்.

"மகாராஜாவின் முத்திரை வைத்த ஓலை. மூத்தவர் எவரைக் கண்டாலும் என்று இருக்கிறது. மூத்தவரில் மூத்தவருக்கு முதலில் என்று இருக்கிறது. பிரதானி தம் கையாலேயே எழுதினார். பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். இதில் சிலருக்கு மரியாதை வேண்டாம் என்றால், அடியேனுக்குத் தெரியாமல் போயிற்று. கீழே இடம் இருக்கிறது. மரியாதை செய்யத் தேவையில்லாத வயோதிகர்கள் யார் யார் என்று மகாராஜா பேர் போட்டு எழுதித் தரட்டும். நாளைக்குள் அதையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறேன்."

எழுத்தாணியை இரண்டு கையாலும் நீட்டினான்.

மாமனார் தாடியைத் தடவிக்கொண்டு மருமகனையே பார்த்தார். ராஜா எழுத்தாணியை வாங்கினார். கோபத்தில் வாங்கிவிட்டார். ஓலையில் வைத்தார். எழுதவில்லை. தலையைத் தூக்கிக் கேட்டார்:

"இவன் பேர் என்ன?"

ராஜா பிரதானியைப் பார்த்தார். பிரதானி பட்டைத் துடைத்தார். காவல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பது வருஷமாக அதே தூணோரம் நிற்கிற மனிதன். கூப்பிட வேண்டியிருந்தால் கைதட்டுவார்கள். அவ்வளவுதான்.

ராஜா பூமாலையின் பக்கம் திரும்பினார். "தினமும் இவனோடு பேசுகிறவன் நீதானே. உனக்குத் தெரியுமே."

பூமாலை வாயைத் திறந்தான். எத்தனையோ பேரை மடக்கிய வாய். அதில் கூனன் என்பதைத் தவிர வேறு பேர் இல்லை. அவன் பின்னிய வலைதான், பின்னி ஒரு மூச்சு விடுவதற்குள் அவன் காலையே சுற்றிக்கொண்டது. வாசலில் கழுதை நிற்பது தெரிந்தது. ஓடிப்போய்த் தானே ஏறி உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது அவனுக்கு.

"சடையத் தாத்தா" என்றாள் பொன்னாத்தாள்.

முதல் தடவையாக அண்ணனுக்கு முந்திப் பேசியிருந்தாள்.

"அவங்களுக்கு எழுபத்தி மூணு" என்றான் சின்னராஜா. "நம்ம தாத்தாவுக்கு அறுபத்திரெண்டுதான், அம்மாகிட்ட கேட்டேன். அதான் இவங்களுக்கு முதல்ல. பூமாலை கூட்டிட்டுப் போகலை, நாங்களே நேத்து அவங்க வீட்டுக்குப் போனோம். ரெண்டு ஆடு இருக்கு. தரையில எதைத் தொலைச்சீங்கன்னு கேட்டேன், நானும் சேர்ந்து தேடலாம்னு. எதையும் தொலைக்கலையாம். அப்பா மெத்தையில சாஞ்சிருக்கும்போது வாய்க்கு நேரா ஏந்தணும்ல, குனிஞ்சே நின்னு முதுகு அப்படியே நின்னு போச்சாம்."

கிழவன் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ராஜா எழுத்தாணியைக் கீழே வைத்தார். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்ப இடமில்லாமல், எல்லோரும் பார்க்க, கஷ்டப்பட்டு விழுங்கினார். அதற்கப்புறமும் தலையை நிமிர்த்தவில்லை.

பிள்ளைகள் திரும்பி வந்து மாமனாரின் காலில் விழுந்தார்கள். "தாத்தா, நீங்க ரொம்பத் தூரம் வந்தீங்களே, முதுகு வலிக்குதா?" என்றான் சின்னராஜா.

"வலிக்குதா?" என்றாள் பொன்னாத்தாள்.

மாமனார் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டார். "பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும்" என்றார். "கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்." யாரைச் சொன்னார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அத்தோடு முடிந்திருக்கும். கழுதையை அவிழ்த்துவிட ஆள் போய்விட்டான். மாமனாரின் தோளில் இருந்தபடி சின்னராஜா கேட்டான்:

"பூமாலை, நீங்க சடையத் தாத்தாவைவிடச் சின்னவங்கதானே? எங்களுக்கெல்லாம் சொன்னீங்க. நீங்க மட்டும் விழவே இல்லையே?"

பூமாலை நடந்து போனான். முழங்கால் மடங்கி, மார்பு தரையில் பட, ஈரத் தரையிலேயே விழுந்தான்.

"ஐயா" என்றான். "அந்தப் பேச்சு நான் கட்டினது. பிள்ளைங்க வாய்க்குப் போனதும் என் வாயிலிருந்துதான். பிரதானி சொன்னப்ப இல்லேன்னு சொன்னேன், அது பொய். ரெண்டு வருஷம் உங்களை வச்சுச் சோறு தின்னிருக்கேன். உங்க பேர்கூட எனக்குத் தெரியாது."

கண்ணீர் ஈரத் தரையில் சொட்டியது.

பிறகு ராஜா சிரித்தார். இவ்வளவு நேரம் தலை குனிந்திருந்தவருக்கு நிமிர ஒரு வழி கிடைத்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பார்த்தீர்களா மாமா, கண்ணீரையே வரவழைக்கிறான். இவனைப் போல ஒரு விகடன் எந்தச் சபையில் உண்டு?" ராஜா சிரித்தால் சபை சிரிக்கும். காவல்காரர்கள் சிரித்தார்கள். உண்மையைக் கண்டுபிடித்த ஒரே ஆளான பிரதானியும், அதே உண்மையை அவனே ஒப்புக்கொண்டபோது, நடிப்பென்று நினைத்துச் சிரித்தார். மாமனாரும் சிரித்தார். அவரும் ராஜாதானே.

ராஜா கழுத்தில் கிடந்த முத்து மாலையைக் கழற்றி, விழுந்து கிடந்தவனின் கழுத்தில் மாட்டினார்.

பூமாலை எழுந்திருக்கவில்லை. சடையன் துண்டைப் பிழிந்துவிட்டு அவன் காதருகே வந்தார். அவர் அதிகம் குனிய வேண்டியிருக்கவில்லை.

"எந்திரிங்க" என்றார். "நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அவங்களுக்குக் கேட்காது. இன்னும் கிடந்தீங்கன்னா இன்னொரு மாலை விழும்."

"பெரியவரே, என்னை..."

"தரை இன்னும் துடைச்சு முடியல. காலைக் கொஞ்சம் எடுங்க."

பூமாலை காலை எடுத்தான். பிறகு தன் அங்கவஸ்திரத்தை அவிழ்த்து, அவர் பக்கத்தில் மண்டியிட்டுத் துடைக்க ஆரம்பித்தான். அதைப் பார்த்துச் சபை இன்னும் பலமாகச் சிரித்தது. ராஜாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாலை கழுத்தில் தொங்கித் தரையில் இடித்துக்கொண்டே இருந்தது. கழற்றி வைக்கலாம்தான். அதற்கும் சிரிப்பார்கள்.

அவர்கள் இரண்டு பேரும் துடைத்து முடிக்கிறவரையில் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மாமனாரின் தோளில் இருந்த பிள்ளைகள் மட்டும்தான்.